வசூல் என்று ஒரு பாடம் இல்லை

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில் ஐடியா போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கோயம்புத்தூர் கணபதியில், கம்ப்யூட்டர் சொல்படி கடைகிற சிஎன்சி லேத் இரண்டு போட்டு, அடுத்தவர் ஆர்டருக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க் செய்துகொண்டிருக்கிற என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று போகிற வரைக்கும் புரியவில்லை. போனதும் புரிந்துவிட்டது. வருவதாக ஒத்துக்கொண்டிருந்த பெரிய மனிதர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டிருக்கிறார். சரி, வந்தது வந்தாயிற்று என்று பொன்னாடையை வாங்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

மொத்தம் பதினோரு அணிகள். பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. அந்த வயதில் மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஆனால் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே ஸ்லைடு இருந்தது: "இந்தச் சந்தையின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் நமக்குக் கிடைத்தால் போதும்." நான் எல்லா அணியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "இதை இதுவரைக்கும் யாருக்காவது வித்திருக்கீங்களா? பத்து ரூபாய்க்காவது?" முதல் அணி திருதிருவென்று விழித்தது. நாலாவது அணிக்குள் கேள்வி வெளியே கசிந்துவிட்டது போல. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் தயாராக வந்து, "ஃபீட்பேக் வாங்கியிருக்கோம் சார்" என்றார்கள்.

கையில் கொடுத்திருந்த மதிப்பெண் தாளில் புதுமை, சமூகப் பயன், விரிவாக்க வாய்ப்பு, பேச்சுத்திறன் என்று நாலு கட்டங்கள். விற்றதற்குக் கட்டம் இல்லை. நானே ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டுப் பதினோரு முட்டையும் போட்டேன். ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாரே தவிரக் கூட்டலில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ராத்திரி இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் படித்து முடித்தது 2009ல். கல்லூரி என்னை இந்தத் தொழிலுக்குத் தயார் செய்ததா, இல்லையா?

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டுக்குப் பணம் ஒன்றாம் தேதி வரும். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை, அதுவாக வரும். கேட்டு வாங்குவது என்பது எங்கள் வீட்டில் அவமானம். மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி கேட்டு ஆள் அனுப்பிய ஒரு நாள் அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். என் வகுப்பில் பீளமேட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் குடும்பத்துக்கு இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி உண்டு. அவன் வீட்டில் ராத்திரி சாப்பிடும்போதே அப்பாவும் சித்தப்பாவும் எந்தப் பார்ட்டி இழுத்தடிக்கிறான், யாருக்கு இனி கடன் கிடையாது, பிக் அயர்ன் என்ன விலை ஏறியிருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன். பரீட்சையில் அவனை விட நான்தான் எப்போதும் மார்க் அதிகம். ஆனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலேயே தொழிலில் அவன் என்னைவிடப் பத்து வருடம் சீனியர். கோயம்புத்தூரில் 'தொழில் ரத்தத்தில் ஊறியது' என்று பெருமையாகச் சொல்வார்கள். ரத்தத்தில் ஒன்றும் ஊறுவதில்லை, எல்லாம் சாப்பிடும் இடத்தில் காதில் விழுவதுதான். அந்தப் பேச்சு காதில் விழாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கல்லூரிதான் அதைக் கேட்கவைக்க வேண்டும். எனக்கு அது நடக்கவில்லை.

பாடமே இல்லை என்று சொல்ல முடியாது. மேலாண்மைக்கு ஒரு தாள் இருந்தது. ஃபயோலின் 14 கோட்பாடுகளையும் மாஸ்லோவின் பிரமிடையும் வரிசை மாறாமல் எழுதித் தேறினேன். பொருளாதாரத்துக்கும் ஒரு தாள். வரவும் செலவும் சமமாகிற பிரேக் ஈவன் பாயிண்ட் கிராஃபை ஸ்கேல் வைத்துக் கோடு பிசகாமல் போடுவேன். அப்புறம் சென்னையில் நாலு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மெக்கானிக்கல் படித்தவன் எதற்கு அங்கே என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. 2013ல் ஊருக்குத் திரும்பி, மாவட்டத் தொழில் மையம் வழியாக நீட்ஸ் திட்டத்தில் கடன் வாங்கி, முதல் லேத்தை இறக்கினேன். பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்று 2012-13ல் மாநில அரசு கொண்டுவந்த திட்டம் அது. முதலீட்டில் 25 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. ஆக, என் பட்டம் முதன்முதலில் காசாக மாறியது அந்த விண்ணப்பத்தில்தான்.

முதல் பெரிய ஆர்டர் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் புஷ், அதாவது குழாய் போன்ற உருளை, 400 பீஸ். மெட்டீரியல் ஆர்டர் கொடுத்த பார்ட்டியுடையது, கடைந்து கொடுப்பது மட்டும் என் வேலை. ரேட் என்ன சொல்வது? பக்கத்துப் பட்டறையில் விசாரித்தேன், 40 என்றார்கள். நான் 38 சொன்னேன். அதுதான் நான் போட்ட அடக்கவிலைக் கணக்கு. மெஷின் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு ஆகிறது, அதில் வங்கி வட்டி எவ்வளவு, எனக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. கோடு பிசகாமல் போட்ட அந்த கிராஃப் ஞாபகத்துக்கே வரவில்லை.

புஷ்ஷின் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர், டாலரன்ஸ் எச்7. அதாவது 40க்கு மேலே போகக் கூடாது, 39.975க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. இடைவெளி 25 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஒரு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. அளவியல் பாடத்தில் இந்த அட்டவணையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆகவே நடு அளவான 39.988ல் நிறுத்தி ஓட்டினேன். முதல் நாள் நிதானமாகப் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் டெலிவரி அவசரத்தில் கட்டிங் வேகத்தைக் கூட்டினேன். பீஸைக் குளிர்விக்கிற கூலன்ட் பம்ப் வேறு மக்கர் பண்ணியது, அதோடேயே ஓட்டினேன். மெஷினிலிருந்து பீஸைக் கழற்றுவேன், மைக்ரோமீட்டரில் பிடிப்பேன், 39.988 காட்டும், டிரேயில் போடுவேன். மைக்ரோமீட்டர் காட்டியதைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்று நாள் கழித்துப் பார்ட்டியிடமிருந்து போன். 180 பீஸ் ரிஜெக்ட், எல்லாம் அண்டர்சைஸ். நான் என் மைக்ரோமீட்டரையும் தூக்கிக்கொண்டு சண்டைக்குத் தயாராகப் போனேன். அங்கே தரப் பிரிவில் ஒரு வயதான சூப்பர்வைசர். அவர் என் மைக்ரோமீட்டரையே வாங்கி என் பீஸை அளந்து காட்டினார். 39.970. மறுபடியும் ஒன்று. 39.970. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "சூட்டோட அளந்தீங்களா கண்ணு?"

கன்மெட்டல் ஒரு டிகிரி சூட்டுக்கு, மில்லிமீட்டருக்குச் சுமார் 0.000018 மில்லிமீட்டர் விரியும். பீஸ் 25 டிகிரி சூடேறியிருந்தால் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் 18 மைக்ரான். ஆறினால் அந்த 18ம் போய்விடும். 39.988ல் 18 மைக்ரான் போனால் 39.970. எனக்குப் புரியாத கணக்கு இதில் ஒன்றுமே இல்லை. வெப்பவிரிவுக் குணகத்தை முதலாமாண்டில் படித்து, சூத்திரம் எழுதி, மார்க் வாங்கியவன் நான். அந்தச் சூத்திரமும் என் கையிலிருந்த பீஸும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை, அவ்வளவுதான்.

சந்திக்கவைத்த செலவு இது. ஒரு பீஸ் மெட்டீரியல் 210 ரூபாய் வீதம் 180க்கு 37,800 ரூபாயை என் தலையில் எழுதி ஒரு டெபிட் நோட். தேறிய 220 பீஸுக்கு என் கூலி 8,360. கழித்துப் பார்த்தால் நான் அவர்களுக்கு 29,440 ரூபாய் தர வேண்டும். ராப்பகலாக வேலையும் பார்த்துவிட்டுக் காசையும் நான்தான் கொடுத்தேன்.

இந்த ஊரில் கல்வியையும் தொழிலையும் பற்றிப் பேசினால் ஜி.டி. நாயுடு வராமல் இருக்க மாட்டார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் 1937ல் செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். 1945ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. இன்றைக்குத் தடாகம் ரோட்டில் இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். அதற்கு முதல்வராக இருந்த நாயுடு, நாலு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் தாராளமாகப் போதும் என்று வாதாடினார். ஆறு வாரத்தில் முடிகிற வகுப்புகளைக்கூட முன்வைத்தார். அரசு கேட்கவில்லை, ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

தொழில் செய்கிற எங்களுக்குள் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டிக்கொள்வது வழக்கம். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த 180 புஷ்ஷுக்குப் பிறகு கொஞ்சம் யோசனை வந்தது. ஆறு வாரத்தில் லேத் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம், சந்தேகமில்லை. பீஸ் ஏன் சுருங்கியது என்று அந்த சூப்பர்வைசர் ஒரே வாக்கியத்தில் சொன்னதும், மறுநாளே அதை அலுமினியத்துக்கும் எஃகுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்ட முடிந்தது நாலு வருடம் படித்ததால்தான். நாயுடுவுக்குக் குறைந்த காலம் வேண்டியிருந்தது. எனக்கு அதே நாலு வருடத்துக்குள் ஒரே ஒரு ரிஜெக்ஷன் வேண்டியிருந்தது.

அப்படி ஓர் ஏற்பாடும் இதே ஊரில் இருக்கிறது. பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951ல் தொடங்கியபோது, அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால் 1926ல் வந்த பிஎஸ்ஜி தொழிற்கூடம் அதே வளாகத்தில் இருந்தது. பம்பும் மோட்டாரும் செய்து விற்கிற இடம் அது. படிப்போடு தொழிற்கூடப் பயிற்சியும் கலந்த ஐந்து வருட சாண்ட்விச் படிப்பும் அங்கே உண்டு. விற்பனைக்குப் போகிற பொருளைத் தொட்டு வேலை பார்த்தவனுக்கும், பட்டறை வகுப்பில் ரெக்கார்டு நோட்டுக்காக மைல்டு ஸ்டீல் கட்டையை ராவியவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் ராவிய கட்டையை யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. அடுத்த பேட்ச் ராவுவதற்கு அது மறுபடியும் டப்பாவுக்குள் போனது.

தொழில்நுட்பத்தில் பட்ட அடியை விட, பணம் வாங்குவதில் பட்ட அடி பெரிது. சிறு, குறு தொழில்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006 அக்டோபர் 2ல் அமலுக்கு வந்தது. அப்போது நான் இரண்டாமாண்டு மாணவன். பதிவு செய்த ஒரு சிறு தொழிலிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று அதில் இருக்கிறது. நான் படித்த காலத்தில் பிறந்த சட்டம், என் பிழைப்பைத் தொடுகிற சட்டம், எங்கள் கல்லூரியில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பட்டறை போட்டு இரண்டு வருடம் கழித்து என் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும்.

தெரிந்தும் நான் ஒருமுறைகூட வட்டி கேட்டதில்லை, அது வேறு கதை. பாக்கிப் புகாரை விசாரிக்க அந்தச் சட்டப்படி இருக்கிற கவுன்சிலுக்குப் போனால் ஒரு பில் வசூலாகும், பார்ட்டி போய்விடும். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் ஒரு மாற்றம் வந்தது. கெடுவுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கிற வரைக்கும் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. அதற்கப்புறம் மார்ச் மாதக் கடைசியில் சில பார்ட்டிகள் அவர்களாகவே கூப்பிட்டு, "பில் ஏதாவது நிக்குதுங்களா?" என்று கேட்கிற அதிசயத்தைப் பார்த்தேன். ஏப்ரல் பிறந்ததும் பழையபடிதான்.

இதில் ஜிஎஸ்டி வேறு. ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் 18,000 வரி. பார்ட்டி மூன்று மாதம் கழித்துத்தான் தருவார். ஆனால் வரியை நான் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். அதாவது வராத பணத்துக்கு, கையிலிருக்கிற பணத்திலிருந்து வரி. லாபம் இருக்கிற பட்டறை, சம்பளம் போடக் காசில்லாமல் நிற்பது இப்படித்தான். ஒரு முழு செமஸ்டர் வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும் இதைச் சொல்லிக்கொடுக்க. கடன் கொடுத்துவிட்டுத் தூங்காமல் புரண்ட ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தால் அதுவே நடக்கும்.

சரி, கல்லூரி எனக்கு வசூலைச் சொல்லித்தரவே இல்லையா? தந்தது. தந்ததாகக் கல்லூரிக்கே தெரியாது. எங்கள் ஹாஸ்டல் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாளுக்கு ஏற்ப ஆளுக்கு வகுப்பது. மூன்றாமாண்டில் மூன்று மாதம் நான் மெஸ் செயலாளர். விடியற்காலை மேட்டுப்பாளையம் ரோட்டில் எம்ஜிஆர் மார்க்கெட்டுக்கு வேனில் போவோம். மேலே பளபளவென்று இருக்கிற தக்காளிப் பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அங்கே ஒரு சுமைதூக்குகிற அண்ணன் சொல்லித்தந்தார். முதல் மாதம் தலைக்கு 140 ரூபாய் கூடிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எவனும் என்னோடு பேசவில்லை. அப்புறம் பாக்கி வைத்த நாலாமாண்டு அண்ணன்களின் அறைக் கதவைத் தட்ட வேண்டும். முதல் தடவை தட்டிவிட்டு, அவர் கதவைத் திறந்ததும், "சும்மாதாண்ணா வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் மாதம் வாசலிலேயே நின்று, "வாங்காமப் போகமாட்டேண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்ல வந்தது. இன்றைக்கும் பார்ட்டி ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது அதே சிரிப்பைத்தான் மாட்டிக்கொள்கிறேன். அதற்கு மார்க் கிடையாது. மெஸ் வேலையால் இரண்டு இன்டர்னல் தேர்வு போனதுதான் மிச்சம்.

ஐஐடி மெட்ராஸைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். தரமணியில் 2010லிருந்து ரிசர்ச் பார்க் இருக்கிறது. அங்கே படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013ல் தொடங்கிய ஏத்தர் ஸ்கூட்டர் இன்று எங்கள் தெருவிலேயே ஓடுகிறது. அக்னிகுல் என்கிற ராக்கெட் கம்பெனி அங்கிருந்து கிளம்பி, 2024 மே 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டே விட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆய்வகம், துறை தெரிந்த பேராசிரியர், பணம் போட ஆள் தெரிந்த முன்னாள் மாணவர்கள். மற்ற கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடுகிற இடம் என்று சொல்லும் 'இன்குபேஷன் சென்டர்' போர்டை மட்டும். நான் போன கல்லூரியிலும் அந்த அறை இருந்தது. கண்ணாடிக் கதவு, பீன் பேக், பூட்டு.

பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மாணவர்கள் சேர்ந்து ஒரு குட்டி நிறுவனத்தை ஒரு கல்வியாண்டு நடத்துகிற பாடம் அங்கே ஒரு கல்லூரியில் உண்டு. அதைப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டு 2010ல் முடிவை வெளியிட்டார்கள். திறமையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்திருந்தது. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு இது ஒத்துவராது என்று இருபது வயதில், அப்பாவின் பிஎஃப் பணத்தில் கை வைக்காமல் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பாடம் உருப்படியான பாடம். அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது அந்த நேரத்தில் 45 என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே கடைசி செமஸ்டரிலேயே எல்லோரும் கம்பெனி போட்டாக வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுவதில் அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால், அந்தக் கண்ணாடி அறையைத் திறந்து கேன்டீனில் ஒரு மூலையை அங்கே மாற்றச் சொல்வேன். ஒரு செமஸ்டருக்கு ஒரு குழு நடத்தட்டும், வாங்கட்டும், கடன் கொடுத்து ஏமாறட்டும், 5,000 ரூபாய்க்கு மேல் நட்டம் வந்தால் கல்லூரி மூடிவிடட்டும். பட்டறை வகுப்பில் ராவுகிற கட்டைக்குப் பதிலாக, பக்கத்து சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து நிஜமான ஜாப் ஒன்றை டிராயிங்கோடு வாங்கிக் கொடுக்கலாம். ரிஜெக்ட் ஆனால் டெபிட் நோட் வகுப்பறைக்கே வரட்டும். ஃபைனல் இயர் பிராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவந்து சமர்ப்பிக்கிற பழக்கம் ஊரறிந்தது. அந்தக் கடைக்காரனிடம் போய் அவன் எப்படி ரேட் போடுகிறான் என்று கேட்டு எழுதினால்கூட அது ஒரு நல்ல பிராஜெக்ட்தான்.

அன்றைக்குப் போட்டி இடைவேளையில் டீ கொண்டுவந்து கொடுத்தது தன்னார்வலர் பேட்ஜ் மாட்டிய ஓர் இரண்டாமாண்டுப் பையன். "உனக்கு ஐடியா ஒண்ணும் இல்லையா தம்பி?" என்றேன். "இல்லைங் சார். டிராஃப்டர் வாடகைக்கு விடறேன், அவ்ளோதான்" என்றான். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பொறியியல் வரைபட வகுப்புக்கு முதலாமாண்டு முழுக்க எல்லோருக்கும் பலகையில் மாட்டிக் கோடு போடுகிற மினி டிராஃப்டர் வேண்டும், அதற்கப்புறம் யாருக்கும் வேண்டாம். இவன் சீனியர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கி, திருகெல்லாம் சரிபார்த்து, ஜூனியர்களுக்கு செமஸ்டருக்கு 80 ரூபாய், டெபாசிட் 100 என்று விட்டிருக்கிறான். 43 டிராஃப்டர். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினான். பெயர், அறை எண், கொடுத்த தேதி, வர வேண்டிய தேதி. நாலைந்து பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. ஹாஸ்டலில் விற்பனை, வியாபாரம் தடை என்பதால் வார்டனுக்குத் தெரியாது, தயவுசெய்து மேடையில் சொல்லிவிடாதீர்கள் என்றான். சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அவன் என் பட்டறைக்கு வந்தான். மெஷின் ஓடுவதை வெகுநேரம் பார்த்தான். சுவரில் ஒட்டியிருக்கிற அந்தச் சுருக்கக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது பிசிக்ஸ்ல வந்துச்சுங்களே சார்" என்றான். கிளம்பும்போது நோட்டை எடுத்தான்.

"சார், இந்த நாலு பேரு டிராஃப்டரும் தரலை, வாடகையும் தரலை. ரெண்டு பேரு என் கிளாஸ்மேட்டோட தம்பிங்க. எப்படிங் சார் கேக்கறது?"

சொல்ல வாயெடுத்தேன். மேசையில் என் நோட்டும் திறந்துதான் கிடந்தது. ஒரு பார்ட்டி, 97 நாள், 1,64,000 ரூபாய். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வந்தது முந்தின வாரம். அதனாலேயே கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த ஸ்டூல்ல உக்காரு தம்பி" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.